பயன்கள் என்னும் பத்தி

பெரிய அறிவியல் திட்டம் எதுவும் மக்களிடம் வெறுங்கையோடு வருவதில்லை. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் தேசப் பெருமை, ஒரு வரைபடம், பிறகு ‘இதனால் என்ன பயன்?’ என்ற கேள்விக்கு ஒரு பத்தி. முதல் மூன்றும் ஆசையாக எழுதப்பட்டவை என்பது வாசித்தாலே தெரியும். நான்காவது, சொல்லாமல் வந்த உறவினருக்குப் போட்டுத் தரும் காப்பி மாதிரி. கொடுத்தாக வேண்டும், கொடுத்தாயிற்று.

இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் சார்பில் பொதுமக்களுக்காக எழுதப்பட்ட வினா விடைகளிலும் அப்படி ஒரு பத்தி உண்டு. அடிப்படை அறிவியலின் பலனை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்ற வழக்கமான விளக்கத்தோடு, இதற்காக உருவாகும் உணர்கருவிகள், அதாவது டிடெக்டர்கள், மருத்துவப் படமெடுப்பு போன்ற துறைகளில் பயன்படக்கூடியவை என்றும் அது சொல்கிறது. இந்தத் திட்டத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் மதுரையிலும் தேனியிலும் எழுதப்பட்டவற்றைச் சேர்த்தால் ஓர் அலமாரி நிறையும். யாரும் நின்று வாசிக்காமல் கடந்துபோன வரி இதுதான். எனக்கு இந்தக் கட்டுரையில் அந்த வரியோடுதான் வேலை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சுரங்கம் அமைவதாக இருந்தது தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலைக்குள். அதற்கான ஆய்வு மையத்துக்கு நிலம் ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கிழக்கே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் உள்ள வடபழஞ்சியில். 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் அறிவிக்கப்பட்டது. பிறகு வழக்குகள். 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது, 2018இல் மத்திய அரசு மறுபடியும் அனுமதி கொடுத்தது, 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்துப் பிரமாணப் பத்திரம் போட்டது. மலையைக் குடையவில்லை. ஆனால் மதுரையில் ‘மினி ஐகால்’ என்ற ஒன்றைக் கட்டி முடித்தார்கள். 11 அடுக்கு இரும்புத் தகடுகள், இடையிடையே கண்ணாடி டிடெக்டர்கள், மொத்தம் 85 டன். மலைக்குள் வைக்கத் திட்டமிட்டது 51,000 டன். அதில் அறுநூற்றில் ஒரு பங்கு இது.

இந்தக் கண்ணாடி டிடெக்டர் வேலை செய்யும் விதம் அழகானது. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி. அதற்குள் வாயுக் கலவை. தகடுகளுக்குக் குறுக்கே சுமார் 10,000 வோல்ட் மின்னழுத்தம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதிப் பிறக்கும் மியூவான் என்ற துகள் இந்த இடைவெளியைக் கடக்கும்போது வாயுவில் சில எலக்ட்ரான்களைத் தட்டிவிடும். அவை பெருகி ஒரு சின்ன மின்துடிப்பாகும். எந்த இடத்தில், எந்த நானோ விநாடியில் என்று வெளியே உள்ள உலோகப் பட்டைகள் சொல்லிவிடும். நீங்கள் இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கும் கையின் வழியே விநாடிக்கு ஒன்றோ இரண்டோ மியூவான்கள் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை எண்ணுவதுதான் மினி ஐகாலின் வேலை.

சரி, இதில் மருத்துவம் எங்கே வருகிறது? அந்த வரி பொய்யில்லை. பெட் ஸ்கேனில் நோயாளிக்குச் சர்க்கரை போன்ற ஒரு பொருளில் கதிரியக்க ஃப்ளூரின் ஏற்றிச் செலுத்துகிறார்கள். அது சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான், உடம்பில் உள்ள எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்து, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்த் துகள்களாகப் பறக்கிறது. இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால் அவை புறப்பட்ட கோடு தெரியும். ஆயிரமாயிரம் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கட்டி இருக்கும். இன்று இதற்கு விலையுயர்ந்த படிகங்களைப் பயன்படுத்துகிறார்கள். மலிவான கண்ணாடி டிடெக்டர்களைக் கொண்டு இதைச் செய்யலாம் என்று போர்ச்சுகலின் கொயிம்பிராவில் ஒரு குழு 2000களின் தொடக்கத்திலிருந்தே முயன்றது. கொல்கத்தாவிலும் முயன்றிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஓர் இடைவெளி மட்டும் உள்ள டிடெக்டர் அந்தக் காமாத் துகள்களில் நூற்றுக்கு ஒன்றைக்கூடப் பிடிக்காது. பல அடுக்குகளாக வைக்க வேண்டும். அப்போது மலிவு என்ற பேச்சு கொஞ்சம் மங்கிவிடும்.

இயற்பியல் ஆய்வகத்திலிருந்து பெண்களின் உடம்புக்கு நன்மை வந்ததே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஓர் உதாரணம் போதும். முதுகெலும்பு வளைவு நோய் வளரும் பருவத்துப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம் வருவது. வளைவு கூடுகிறதா என்று பார்க்க அவர்களைத் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்தார்கள், அதுவும் மார்பு வளரும் வயதில். அமெரிக்காவில் இப்படிச் சிகிச்சை பெற்ற 5,573 பெண்களின் பதிவுகளைப் பின்தொடர்ந்து 2000இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆளுக்குச் சராசரியாக 25 படங்கள். மார்பகப் புற்றுநோயால் 46 பேர் இறந்திருக்கலாம் என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 77 பேர் இறந்திருந்தார்கள். ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்னில் 1968இல் ஜார்ஜ் சார்பக் உருவாக்கிய பல கம்பி டிடெக்டர் (1992இல் நோபல் பெற்றது) பிற்பாடு மிகக் குறைந்த கதிர்வீச்சில் முதுகெலும்பைப் படமெடுக்கும் கருவியானது. துகள் இயற்பியல் அந்தப் பெண்பிள்ளைகளுக்குச் செய்த உதவி இது.

ஆனால் இந்தக் கதையை நான் சொன்ன வரிசையைப் பாருங்கள். பெண்பிள்ளைகள், அவர்களுக்கு நேர்ந்த தீங்கு, அதைக் கணக்கெடுத்தவர்கள், அப்புறம் கருவி. ‘பயன்கள்’ பத்தியில் இதில் கடைசிச் சொல் மட்டுமே மிஞ்சும். ‘மருத்துவப் படமெடுப்பில் பயன்படும்’ என்ற வாக்கியத்தில் யார் யாரைப் படமெடுக்கிறார்கள்? எழுவாயும் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. தமிழில் அப்படி எழுதுவது சுலபம், நம் மொழி எழுவாயை விட்டுவிட அனுமதிக்கிறது. ஆனால் உடம்பை விட்டுவிட மொழி அனுமதித்தாலும் ஊர் அனுமதிக்காது. அதுவும் இந்த ஊர்.

வடபழஞ்சியிலிருந்து பொட்டிப்புரம் போகத் தேனிச் சாலையைப் பிடித்தால் செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி வரும். நியூட்ரினோ விஞ்ஞானிகள் மதுரைக்கும் மலைக்குமாகப் போய்வந்த வழி. 1986இல் ‘இந்தியா டுடே’ ஆங்கில இதழ் தன் அட்டைப்படக் கட்டுரையில் உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுதிய பிறகு, இந்தச் சாலையில் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் வரிசையாக வந்தார்கள். 1994இல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ வந்தது. எருக்கம்பால், நெல்மணி, கிழவி என்று அந்தக் காட்சி தமிழர் மனதில் பதிந்துவிட்டது. கொலை வழக்கில் தாய்மார் கூண்டில் நின்றார்கள். ஒரு சாதியின் பெயரும் ஒரு வட்டாரத்தின் பெயரும் குற்றத்தின் பெயராகவே ஆயின. அதே ஆண்டுகளில் ஸ்கேன் மையங்கள் நகரங்களில் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றின் வாசலில் எந்தக் கேமராவும் நிற்கவில்லை. எருக்கம்பால் காட்டுமிராண்டித்தனம், ஸ்கேன் நவீன மருத்துவம். இந்தப் பாகுபாட்டை எழுதியவர்கள் நகரத்துப் படித்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, அது ஒலி அலை, உண்மைதான். ஆனால் ‘மருத்துவப் படமெடுப்பு’ என்ற தலைப்புக்குள் அதுவும்தான் வருகிறது. நம் பெண்கள் வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்திக்கும் படக்கருவியும் பெரும்பாலும் அதுதான். அதன் பிறப்பும் ஒரு ‘பயன்கள்’ பத்திதான். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் 1950களில், தொழிற்சாலைகளில் உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவியை எடுத்துப் பெண்களின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். 1958இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது அவருடைய கட்டுரை. இரைப்பைப் புற்று, அறுவை செய்ய முடியாது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சினைப்பைக் கட்டிதான் என்று கருவி காட்டியது. கட்டியை எடுத்தார்கள், அவர் பிழைத்தார். இதைவிட நல்ல தொடக்கம் ஒரு கருவிக்கு வேண்டுமா?

உலோகத்தில் குறை தேடப் பிறந்தது அந்தக் கருவி. நம் ஊருக்கு வந்தபோது எது குறை என்று அதற்கு நாம் சொல்லிக் கொடுத்தோம். 1994இல் கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்தது, 1996இல் நடைமுறைக்கு வந்தது. அது காகிதத்திலேயே கிடந்ததால் 2000இல் சேஹத், மாசூம் என்ற இரு அமைப்புகளும் சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2003இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. சேலம் மாவட்டத்தில் 2001இல் 851. இன்று எந்த ஸ்கேன் மையத்துக்குப் போனாலும் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்ற பலகையைப் பார்க்கலாம். எக்ஸ்ரே அறையில் கதிர்வீச்சு எச்சரிக்கை, ஸ்கேன் அறையில் சமூக எச்சரிக்கை. ஒரு படக்கருவியால் வரும் தீங்கு அதன் அலையில் மட்டும் இல்லை என்பதை அரசாங்கமே எழுதி மாட்டிவைத்திருக்கிறது.

இதை வைத்து டிடெக்டர் ஆய்வே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. உசிலம்பட்டி வழியாகப் போகிற ஒரு திட்டம் ‘மருத்துவப் படமெடுப்பு’ என்ற சொல்லைக் கேள்வியே இல்லாத நன்மையாகப் பயன்படுத்துகிறதே, அதைத்தான் சொல்கிறேன். எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் அந்தச் சாலையைக் காரின் ஜன்னல் வழியே பார்த்தவர்கள்.

எதிர்த்தரப்பின் பேச்சையும் அதே கண்ணோடு வாசிக்காவிட்டால் இந்த வாசிப்பு நேர்மையாகாது. பொட்டிப்புரத்துக்காரர்களுக்கு நியாயமான கேள்விகள் இருந்தன. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு வெடி வைத்தால் என்ன ஆகும், மேய்ச்சல் நிலம் என்ன ஆகும், தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள், பக்கத்தில் மதிகெட்டான் சோலை, பெரியாறு புலிகள் நடமாட்டம். தமிழக அரசு 2022இல் முன்வைத்ததிலும் காடு பற்றிய கேள்வி முக்கியமானது. இவை போதும். ஆனால் மேடையேறியதும் கதிர்வீச்சு வந்துவிட்டது, கதிர்வீச்சுக்குப் பின்னால் கருப்பை வந்துவிட்டது. ஊனமாகப் பிறக்கப்போகும் பிள்ளைகள், மலடாகப்போகும் பெண்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உங்கள் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்ற கணக்கில் ஊடுருவிப் போகின்றன. ஒன்றும் ஆவதில்லை. இது தெரிந்தவர்களும் மேடையில் திருத்தவில்லை, கூட்டம் சேர்ந்ததே என்ற நிம்மதியில்.

ஆக, ஒரு தரப்புக்குப் பெண் நாளைக்கு ஸ்கேன் செய்யப்படப்போகும் உடம்பு. இன்னொரு தரப்புக்கு நாளைக்குப் பாழாகப்போகும் கருப்பை. பொட்டிப்புரத்தில் ஆடு மேய்க்கும் பெண் இன்றைக்கு என்ன சொல்கிறாள் என்பது இரண்டு பிரசுரத்திலும் இல்லை.

அறிந்தவளாக, அளந்தவளாகப் பெண் எங்கேயாவது வருகிறாளா என்று தேடினேன். நியூட்ரினோ திட்டத்தின் வரலாற்றுப் பகுதி கோலார் தங்க வயலிலிருந்து தொடங்கும். 1965இல் பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த குழுக்களில் ஒன்று அங்கே வேலை செய்தது. பெருமைப்பட வேண்டியதுதான். அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்களில் பெரும்பகுதி தமிழ் தலித் தொழிலாளர்கள். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் அவர்களுக்கு வந்தது. அதைக் கண்டறிந்ததும் மார்பு எக்ஸ்ரே மூலம்தான். விண்கதிர்களைத் தேடியவர்கள் இறங்கும் முன்பே அந்தச் சுரங்கத்துக்கும் மருத்துவப் படத்துக்கும் உறவு இருந்தது. கணவனின் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பெண்கள் அந்தக் குடியிருப்புகளில் இருந்திருப்பார்கள். ‘பயன்கள்’ பத்திக்கு இது உதவாது, வரலாற்றுப் பத்திக்கும் உதவாது.

விபா சௌத்ரி பற்றியும் சொல்ல வேண்டும். 1913இல் கொல்கத்தாவில் பிறந்தவர். போஸ் ஆய்வகத்தில் டி.எம். போஸுடன் சேர்ந்து, ஒளிப்படத் தட்டுகளை டார்ஜீலிங்கிலும் சந்தக்பூ மலையிலும் மாதக்கணக்கில் வெளியே வைத்து, அவற்றில் விண்கதிர்கள் விட்டுச்சென்ற கோடுகளை நுண்ணோக்கியில் அளந்தார். அன்று மீசோட்ரான் என்று அழைக்கப்பட்ட துகள்களின் நிறையைக் கணக்கிட்டு 1940க்கும் 1942க்கும் இடையே ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். போர்க்காலம், நல்ல தட்டுகள் கிடைக்கவில்லை. வேலை அங்கே நின்றது. அதே முறையை மேம்பட்ட தட்டுகளில் செய்த பிரிட்டனின் செசில் பவலுக்கு 1950இல் நோபல் கிடைத்தது. இந்தத் தட்டு முறைக்கே அடித்தளம் போட்ட வியன்னாவின் மரியெட்டா பிளாவுக்கும் அந்தப் பரிசில் பங்கு இல்லை. யூதப் பெண்ணான அவர் 1938இல் நாட்டை விட்டே ஓட வேண்டியிருந்தது. விபா 1949இல் மும்பையின் டாடா ஆய்வு நிறுவனத்தில் முதல் பெண் ஆய்வாளராகச் சேர்ந்தார். 1991இல் இறந்தார். அவரைப் பற்றி முழு நூல் வந்தது 2018இல். அடுத்த ஆண்டு ஒரு நட்சத்திரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். மதுரையில் இன்று எண்ணப்படும் மியூவான்கள் அந்த மீசோட்ரான் குடும்பத்தைச் சேர்ந்தவை. துகளை அறிமுகப்படுத்தும்போது அவர் பெயரையும் சொல்ல ஒரு வரி போதும்.

நோயாளிகளும் அளக்கிறார்கள், பெயர் வைக்கிறார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் பெண்கள் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். ‘எத்தனை கரண்டு ஆச்சு?’ என்று கேட்டுக்கொள்வார்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள். லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கருவி மின்சாரம் நின்றால் நின்றுவிடும். அதைப் பொறுத்தவரை அந்தப் பெயர் சரிதான். கோபால்ட் கருவிக்குத்தான் பொருந்தாது. கோபால்ட் கரண்டு போனாலும் கதிர் விடும். அணுசக்தித் துறையே உருவாக்கிய ‘பாபாட்ரான்’ என்ற கோபால்ட் கருவி உண்டு. மருத்துவப் பயனைத்தான் சொல்ல வேண்டுமென்றால் கைவசம் இருக்கும் அதைச் சொல்லியிருக்கலாம்.

இந்தச் சமவெளியில் பெண்களின் உயிரைக் காக்கும் ஒரு ‘பார்க்கும்’ முறை உண்மையிலேயே அளந்து பார்க்கப்பட்டது, பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில். 2000க்கும் 2003க்கும் இடையே, ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து நடத்தியது. கிராமத்துக்கு வரும் செவிலியர், கருப்பைவாயில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார். வினிகரில் இருப்பது அதுதான். ஒரு நிமிடம் பொறுத்து விளக்கு வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்ப்பார். மாறத் தொடங்கிய செல்கள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். தேவைப்பட்டால் உறையவைத்து நீக்கும் சிகிச்சையை அந்தச் செவிலியரே செய்வார். 30 முதல் 59 வயது வரை தகுதியான 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். 2007இல் ‘லான்செட்’டில் முடிவு வந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. உணர்கருவி: பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கண்.

இதையும் நான் பாராட்டி மட்டும் விட முடியாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு ஊர்களில் 30,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு அந்தப் பரிசோதனை தரப்படவில்லை, வழக்கமான மருத்துவ வசதி என்னவோ அதுவே. அவர்களில் யாருக்குப் புற்று வந்தது, யார் இறந்தார் என்று மட்டும் பதிவேடு குறித்துக்கொண்டது. இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளின் அறம் பற்றிப் பிற்பாடு கடுமையான விவாதம் எழுந்தது. அவர்கள் எண்ணப்பட்டார்கள், பார்க்கப்படவில்லை. 35 சதவீதம் என்ற எண்ணுக்கு அவர்களும் விலை கொடுத்தவர்கள்.

அந்த ஆய்வின் முடிவு வந்த காலத்தில் தமிழக அரசு இதே போன்ற பரிசோதனையை முன்னோடித் திட்டமாக இரண்டு மாவட்டங்களில் தொடங்கியது. ஒன்று தஞ்சாவூர், இன்னொன்று தேனி. பொட்டிப்புரம் இருக்கும் அதே தேனி. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மலைக்குள் இறக்கவேண்டிய 51,000 டன் இரும்பைப் பற்றி நாடு விவாதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அடிவாரத்தில் அவர்கள் ஒவ்வொரு பெண்ணையும் படுக்கவைத்து, விளக்கைத் திருப்பி, ஒரு நிமிடம் கணக்கு வைத்துக் காத்திருந்தார்கள்.